சோர்வுற்ற மாணவனுக்குச் சில சொற்கள்

(நல்லம்பள்ளியில் இளைஞர்கள், உறுப்பினர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. நாமோ இன்று ஊக்கமிழந்து நிற்கும் ஒரு மாணவனைப் பற்றிப் பேச விழைகிறோம். நம் ஒன்றியத்தின் எந்தக் காலனியிலும் அவனைக் காணலாம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் அவன். தந்தைக்குப் பெங்களூருவில் கட்டட வேலை. தாய்க்குக் களை வெட்டும் கூலி. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் நெருங்குகிறது, உதவித்தொகை வந்தபாடில்லை. ஞாயிறுதோறும் முழந்தாளிட்டு வேண்டுகிறான், விடை கிட்டவில்லை. "ஆண்டவர் என்னைக் கைவிட்டாரோ? என் விசுவாசம்தான் குறைவோ?" என்று உள்ளுக்குள் குமைகிறான். பணமுடை ஒன்று, மனமுடை ஒன்று என இரு சுமைகள் அவன் தோள்மீது.

அவனுக்குத் திருமறையிலிருந்து எலியா தீர்க்கதரிசியின் வரலாற்றை நினைவூட்டுவோம். கர்மேல் மலையில் வெற்றி கண்ட அதே எலியா, அரசி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடினார். ஒரு சூரைச் செடியின் கீழ் அமர்ந்து, உயிர் போனால் போதும் என்று வேண்டினார். அப்போது ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. விசுவாசக் குறைவு என்று குற்றம் சாட்டினாரா? அதுவும் இல்லை. தூதன் வந்து தட்டி எழுப்பினான். அங்கே சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. உண்டார், மீண்டும் உறங்கினார், மறுபடியும் உண்டார். அதன் பின்னரே ஓரேப் மலைக்கு நெடும் பயணம். அதன் பின்னரே மெல்லிய குரலில் ஆண்டவரின் பேச்சு. முதலில் உணவு, பிறகு உபதேசம் என்னும் இந்த வரிசையை நாம் அனைவரும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆதலால், கட்டணம் செலுத்த வழியின்றி வாடுபவனிடம், "இன்னும் ஊக்கமாக ஜெபம் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது முறையாகாது. ஐயம் கொள்வதும் பாவமன்று. "எவ்வளவு காலம், ஆண்டவரே?" என்று முறையிடும் பாடல்கள் சங்கீதப் புத்தகத்திலேயே உள்ளன. முறையிடுகிறவன் உறவை முறித்துக் கொண்டவன் அல்லன். கேட்பவர் ஒருவர் உண்டென்று நம்புகிறவனே முறையிடுகிறான்.

அடுத்து, வறுமை இறைவனின் தண்டனை என்ற எண்ணத்தை வேரோடு களைய வேண்டும். நிலமும் நீரும் எழுத்தும் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டதால் விளைந்தது நம் வறுமை. கிறித்தவத்தைத் தழுவியோர்க்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், கிறித்தவர் என்ற காரணத்தால் அரசு அளித்த கடைப் பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். போதிய சான்று இல்லையென்று 1985இல் அவரது மனு தள்ளுபடியாயிற்று. மதம் மாறியும் சாதி மாறவில்லை என்பதை நம் தெருக்களும் சில கல்லறைத் தோட்டங்களும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இதனால்தான், சான்றிதழில் ஒரு மதம், ஞாயிறன்று ஒரு மதம் என்னும் இரட்டை வாழ்வில் நம் பிள்ளைகள் சிலர் மனம் நொந்து கிடக்கின்றனர். தம்பி, இந்த வேதனையை உன் தனிப்பட்ட குற்றமாக எண்ணி வருந்தாதே. சட்டம் போட்ட முடிச்சு அது. அதை அவிழ்க்கப் போராடுவது சமுதாயத்தின் கடமை.

எனினும் இன்றைக்குள்ள வழிகளை அறியாமல் படிப்பை விடுதல் தகாது. கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்க்கும், வருமான வரம்புக்கு உட்பட்டு, தமிழக அரசு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வழங்குகிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேர்ந்த மாணவியர்க்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தொழிற்கல்வி சேர்வோர்க்கு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. சாதி, வருமானச் சான்றுகளைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடாமல் பெற்று வைத்திருங்கள். வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்துக்கொள்ளுங்கள். கந்து வட்டிக்குக் கையெழுத்திடாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் எழுதுமுன், நம் சங்கத்தின் வாசலுக்கு ஒருமுறை வாருங்கள்.

அப்படியும் இடையில் தடைப்பட நேர்ந்தால்? அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைப் பாருங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவர், பின்னர் இலண்டனில் பயின்றபோது, உதவிக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர் ஓய்ந்துவிடவில்லை. மும்பையில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மகாராஜாவும் நண்பரும் உதவினர். 1920இல் மீண்டும் கப்பலேறினார்; 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். நின்ற படிப்பு முடிந்த படிப்பாகாது. பிறரிடம் உதவி பெறுவதும் இழிவாகாது.

சங்க உறுப்பினர்களே, இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். மக்கெதோனியாவின் சபையார் தாமே வறியவராயிருந்தும், எருசலேமின் ஏழைகளுக்கு மனமுவந்து கொடுத்ததைப் பவுல் போற்றுகிறார். கூடாரம் தைத்துப் பிழைத்த அவருக்கு உழைப்பின் அருமையும் கொடையின் அருமையும் தெரியும். அரசின் உதவி வரத்தான் செய்யும். ஆனால் தேர்வுக் கட்டண நாள் அதற்காகக் காத்திராது. இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று மாதங்களில்தான் நம் பிள்ளைகள் பேருந்து ஏறிவிடுகின்றனர். உதவித்தொகை வந்ததும் திருப்பித் தரும் வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குவோம். கூலி வாங்கும் நாளில் இயன்ற சிறு தொகையை ஒவ்வொரு குடும்பமும் ஒதுக்கட்டும். பட்டம் பெற்று வேலையில் அமர்ந்தோர் ஆளுக்கொரு மாணவனைத் தம் பொறுப்பில் ஏற்கட்டும். பெறுபவன் பெயரை மேடையில் அறிவிக்காதீர்கள். அவனுக்கும் மானம் உண்டு.

தம்பி, தங்காய்! ஜெபத்தை விடாதீர்கள், புத்தகத்தையும் விடாதீர்கள். விடை வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. எலியாவுக்கு அடையும் தண்ணீரும் கொண்டுவர ஒரு தூதன் தேவைப்பட்டான். நம் ஊரில் அந்தத் தூதனின் வேலையைச் செய்ய வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் நாம்தான்.