ஓலை காத்த அவையும் ஊர் காக்கும் கல்லும்

திருச்சிற்றம்பலம்



ஊரும் உறவும் ஒருங்கு கூடியிருக்கும் இத்திருவிழா நாளில், ஊர்ப் பழமையைப் பேணுதல் என்னும் பொருள் பற்றிச் சில சொல்லுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். சமயச் சொற்பொழிவு மேடையில் கல்லையும் ஓலையையும் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நம் சமய வரலாற்றின் தலைசிறந்த அருட்செயல்களுள் ஒன்று, ஓர் ஓலையைக் காத்து வைத்தமையால் நிகழ்ந்ததன்றோ? அது நிகழ்ந்த இடமும் தொலைவிலில்லை. நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரே அவ்விடம்.

சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கும் வரலாற்றை நீங்கள் நன்கறிவீர்கள். திருநாவலூரில் தோன்றிய நம்பியாரூரருக்குப் புத்தூரில் மணம் நிகழவிருந்தது. முதிய வேதியர் ஒருவர் வந்து, "இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் உண்டு" என்றார். சினமுற்ற நம்பியாரூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. அங்கே முதியவர் கூறிய விடை நினைக்கத்தக்கது: கிழிக்கப்பட்டது படி ஓலை, மூல ஓலை வேறாக உள்ளது.

அவையோர் அதனுடன் அமைந்துவிடவில்லை. மூல ஓலையை வாங்கிப் படிக்கச் செய்தனர். நம்பியாரூரரின் பாட்டனார் தம் கையால் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்தனர். இரண்டையும் அருகருகே வைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பு நோக்கினர். இரண்டும் ஒத்திருந்த பின்னரே தீர்ப்புரைத்தனர்.

இதிலிருந்து மூன்று செய்திகளை அறிகின்றோம். மூலத்திற்குப் படி வேண்டும். இரண்டும் ஓரிடத்தில் இருத்தலாகாது. ஊரில் ஆவணங்களுக்கு ஒரு காப்பிடம் வேண்டும். சான்றை ஒப்பு நோக்கித் தெளிந்த பின்னரே ஒன்றை உண்மை என்று கொள்ளவேண்டும். ஊர் வரலாற்று மன்றம் ஒன்றின் கடமைகளை வகுக்கப் புகுந்தால், இம்மூன்றினும் மேலாக என்ன கூற இயலும்?

இதே முறை நம் காலத்திலும் பயன் தந்துள்ளது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் திருக்கோயிலிலிருந்து களவாடப்பட்ட அர்த்தநாரீசுவரர் கற்றிருமேனி, ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்தது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசர் திருமேனி, அந்நாட்டின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. இவை நம் கோயில்களுக்கு உரியவை என்று காட்ட உதவியவை, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். படத்தையும் திருமேனியையும் ஒப்பு நோக்கியபோது ஐயம் நீங்கியது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஆஸ்திரேலியப் பிரதமர் இரு திருமேனிகளையும் தில்லியில் ஒப்படைத்தார். கோயில் தோறும் சென்று அப்படங்களை எடுத்த நாளில், அவை இவ்வாறு பயன்படும் என்று எவர் எண்ணியிருப்பார்? காத்து வைப்பவனுக்குப் பயன் எப்போது என்பது தெரிவதில்லை. தெரியாமலே காத்து வைப்பதுதான் தொண்டு.

1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம், சிவாசாரியார் இல்லங்களிலும் மடங்களிலும் செல்லரித்துக் கொண்டிருந்த சைவ ஆகமச் சுவடிகளையும் தேடித் தொகுத்தது. புதுச்சேரியில் இவ்வாறு சேர்ந்த சைவச் சுவடிகளை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது. நம் வீட்டுப் பரணில் கிடந்த ஓலையின் மதிப்பை உலகம் உணர்ந்துகொண்டது. நாம் உணர்ந்தோமா என்பதே கேள்வி.

அன்பர்களே! நம்மைச் சுற்றி இருப்பவற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் உள்ளது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இன்றி, பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு உரைக்கின்றது. தமிழ்நாட்டுக் கோயிற்கலை வரலாற்றை எழுதுவோர் அனைவரும் வந்து நிற்கும் வாயில் அது. தளவானூரில் அம்மன்னனது மற்றொரு குடைவரை உண்டு. பனமலையில் இராசசிம்ம பல்லவன் எடுத்த கற்றளியும், அதன் சுவரில் எஞ்சி நிற்கும் அம்மையின் ஓவியமும் உண்டு. திருவக்கரையில் செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய திருக்கோயிலும், அதற்கு அண்மையிலேயே கல்லாய்ச் சமைந்த தொன்மரங்களும் உண்டு. எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்விச்சாலை நடைபெற்றதைக் கல்வெட்டுக் கூறுகின்றது.

திண்டிவனத்துப் பக்கம் வருவோம். அதனை அடுத்த கிடங்கில், சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். தாதாபுரத்தில் முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார், சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரமும், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரமும், அருகதேவனுக்குக் குந்தவை சினாலயமும் எடுத்து, மூன்றுக்கும் பொன்னும் பொருளும் வழங்கினார். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவைப் பழந்தமிழ் எழுத்துப் பாறையில் தாங்கி நிற்கின்றது. பழமையைக் காக்கப் புகுந்தோர், இது நம் சமயத்துக் கல், அது பிறர் சமயத்துக் கல் என்று பிரித்தல் தகாது. குந்தவைப் பிராட்டியார் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

செஞ்சிக் கோட்டை, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக, 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. மகிழ்ச்சி. கோட்டையை இனி உலகம் பார்த்துக்கொள்ளும். ஏரிக்கரையில் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் கல்லை யார் பார்ப்பார்? அவ்வூரார் பார்த்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

கல்வெட்டு என்றால் மன்னர் புகழ் மட்டுமே என்று நினைத்தல் வேண்டா. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர், மூவர் முதலிகளும் பாடிய தலம். அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டொன்று, கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்த பார்வையற்றோர் பதினாறு பேர்க்கும், அவர்களுக்குக் கண்ணாய் இருந்து வழிநடத்திய இருவர்க்கும் உணவுக்கு வகை செய்யப்பட்டதைத் தெரிவிக்கின்றது. எத்தகைய ஊர் அது! கண் இல்லாதாரைத் திண்ணையில் ஒதுக்கி வைக்காமல், இறைவன் திருமுன்னே நிற்கவைத்துப் பாடச் செய்து சோறிட்டிருக்கின்றது. அவர்கள் தடுமாறாதபடி ஆள் வைத்துக் காத்திருக்கின்றது. இச்செய்தியைப் புராணமோ இலக்கியமோ நமக்குச் சொல்லவில்லை. ஒரு கல் சொல்லிற்று. அக்கல் உடைந்து போயிருந்தால், அப்பதினாறு பேரும் உலகில் வாழ்ந்தார்கள் என்பதே இல்லாமற் போயிருக்கும்.

இனி, வருத்தத்துடன் ஒன்று கூற வேண்டியவர்களாய் இருக்கின்றோம். கல்வெட்டுகள் அழிவது பெரும்பாலும் பகைவரால் அன்று, பக்தரால். திருப்பணி என்று தொடங்குவோம். சுவரில் சுண்ணாம்பை அப்புவோம். மேலே வண்ணம் தீட்டுவோம். மணலை விசையோடு பீய்ச்சிக் கல்லைத் தூய்மை செய்கின்றோம் என்று எழுத்தின் விளிம்பையெல்லாம் தேய்த்துவிடுவோம். தரையை உயர்த்திப் பளிங்கு பதித்து, அதிட்டானத்துக் கல்வெட்டை மண்ணுக்குள் புதைப்போம். பிரித்த கல்லை மாற்றி அடுக்குவோம். எஞ்சிய கல் படிக்கட்டாகும், அல்லது துணி துவைக்கும் கல்லாகும். இவ்வளவும் செய்துவிட்டுக் குடமுழுக்கும் ஆற்றி மனநிறைவோடு வீடு திரும்புவோம். அன்பில் குறைவில்லை, அறிவில்தான் குறை.

கோயிலைப் புதுப்பித்தலாகாதா என்று கேட்பீர்கள். புதுப்பிக்கலாம், நம் முன்னோர் புதுப்பித்த வண்ணம் புதுப்பிக்கலாம். திருக்கோடிக்காவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கிய செம்பியன் மாதேவியார், அங்கிருந்த பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். திருமழபாடியில் முதலாம் இராசராசன் விமானத்தைப் பிரித்துக் கட்டப் பணித்தபோது, கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்குமாறு ஆணையிட்டான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் ஏறின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், புகைப்படமும் அச்சும் இல்லாக் காலத்தில், இத்துணைக் கருத்தாய் இருந்தனர். கையில் செல்பேசி வைத்திருக்கும் நாம் ஒரு படமேனும் எடுத்து வைக்காமல் கடப்பாரையை எடுக்கலாமா?

திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவரை அறிவீர்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தோளில் நடக்க இயலாதவர் அமர்ந்து வழி சொல்ல, இருவரும் நாடெங்கும் சென்றனர் என்பது வரலாறு. ஊர்ப் பழமையைக் காக்கும் பணியும் அத்தகையதே. பழைய எழுத்தைப் படிக்கவல்ல அறிஞர்க்குக் கண் உண்டு. ஆயினும் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கும் நடந்து செல்ல அவர்களுக்குக் கால் போதாது. 1887 முதல் மைய அரசின் கல்வெட்டுத் துறையும், 1961 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் பணியாற்றி வருகின்றன. எனினும் எத்தனை கற்கள் இன்னும் படிக்கப்படாமல் கிடக்கின்றன! ஊரார்க்குக் கால் உண்டு; எந்த வரப்பில் எந்தக் கல் கிடக்கின்றது என்பது மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். படிக்கும் கண்தான் இல்லை. இருவரும் இணைந்தால் வழி உண்டு.

ஆதலின் ஊர் தோறும் ஒரு சிறு மன்றம் அமைத்திடுக. பெரும் பொருள் வேண்டா. ஒரு பதிவேடு வேண்டும். கல், சிலை, நடுகல், பழங்கிணறு, ஏரி மதகு ஆகியவற்றை, இருக்கும் இடத்தோடும் அளவோடும் அதில் எழுதுக. காலை, மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்து நன்கு தெரியும். வெறும் நீராலும் மெல்லிய தூரிகையாலும் தூசு நீக்குக. சுண்ணக்கட்டியால் எழுத்தின்மேல் வரையற்க. அமிலமும் சிமெண்டும் அணுகவிடற்க. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுக்கும் பணியைத் தொல்லியல் துறையினரைக் கொண்டு செய்விக்க. நிலத்தில் சிலையோ காசோ கிடைத்தால் மறைத்தல் குற்றம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. வீட்டிலுள்ள ஓலைச்சுவடியையும் பழைய பத்திரத்தையும் பறித்துச் செல்லவேண்டா. உரியவர் இசைவுடன் படமெடுத்து, மூலத்தை அவரிடமே ஒப்படைக்க.

எடுத்த படியை ஊரில் ஒன்றும் வெளியூரில் ஒன்றுமாக வைக்க. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் நம் மாவட்டத்தைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தியதை நாம் மறக்கவில்லை. வீட்டில் நீர் புகுந்தால் முதலில் உயிரைக் காப்போம். பெட்டியிலுள்ள தாளை எவர் காப்பார்? படி ஓலையும் மூல ஓலையும் வேறு வேறாக இருந்த நுட்பம் இங்கேதான் உதவும்.

திருவிழாவில் ஒரு நாளை இப்பணிக்கென ஒதுக்குக. பட்டிமன்றத்திற்கும் இன்னிசைக்கும் இடம் உண்டு. அவற்றிடையே ஊர்ப் படங்களின் கண்காட்சி ஒன்றும் அமையட்டும். பள்ளிப் பிள்ளைகள் தம் கோயில் கல்வெட்டின் செய்தியை மேடையில் உரக்கப் படிக்கட்டும். தெருக்கூத்துக் கலைஞரும், நாற்றுநடவுப் பாட்டு அறிந்த மூதாட்டியரும் சொல்வதைப் பதிவு செய்க. அவர்கள் நினைவும் ஓர் ஓலைதான். அதற்குப் படி இல்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாய் இருத்தல் வேண்டும். கதையைக் கதையாகவும் சான்றைச் சான்றாகவும் எழுதுக. கோயில் ஆற்றின் எக்கரையில் உள்ளது என்பதை இரட்டைப் புலவர் மாற்றிப் பாடிவிட, பாட்டுக்கேற்ப ஆறே தடம் மாறியது என்று திருவாமாத்தூரில் ஒரு கதை வழங்குகின்றது. இனிய கதை, அதனைக் கட்டாயம் குறித்து வைக்க. ஆனால் 'ஊரார் கூறுவது' என்று குறிக்க. எங்கள் கோயில் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று சான்றின்றி எழுதினால், ஆயிரம் ஆண்டுப் பழமைக்கு நாம் காட்டும் மெய்ச்சான்றையும் பிறர் நம்பமாட்டார். இறைவனே முதியவராய் வந்து நின்றபோதும், எழுத்தை ஒப்பு நோக்காமல் தீர்ப்புரைக்காத அவை நம் வெண்ணெய்நல்லூர் அவை. அந்த நேர்மை நமக்கு வழிவழி வந்த சொத்து.

நாவுக்கரசர் பெருமான் கையில் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். இன்று புல்லோடு மறதியும் மண்டிக் கிடக்கின்றது. அதனையும் செதுக்கவேண்டும். இவ்விழா முடிந்து கொடி இறங்குமுன், உங்கள் கோயிலை ஒருமுறை வலம் வருங்கள். இம்முறை கோபுரத்தை அண்ணாந்து பாராமல், சுவரின் அடிவரிசைக் கற்களைக் குனிந்து பாருங்கள். எழுத்துத் தென்பட்டால் ஒரு படம் எடுங்கள். நாளும் இடமும் குறித்து வையுங்கள். அடுத்த திருப்பணிக் குழு கூடும்போது அதை அவர்கள் முன் வையுங்கள். மன்றத்தின் முதற்பணி அதுவே ஆகுக.

அனைவர்க்கும் திருவருள் கூடுக.

திருச்சிற்றம்பலம்