தரைப்பாலத்தில் தண்ணீர்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பேசியது)



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் ஏரி நிறையுமா, நட்ட பயிர் தாங்குமா என்கிற நினைப்புத்தான் நமக்கு முதலில் வரும். ஆனால் அடைமழையில் பயிருக்கு அடுத்தபடியாக நம்மைச் சோதிப்பது பாதை. பால் கறந்தாச்சு, கேன் நிரம்பியாச்சு, வண்டி மட்டும் வரவில்லை என்றால் என்ன செய்வது? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டிய மழை நினைவிருக்கும். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. தென்பெண்ணையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று. டிசம்பர் 2-ஆம் தேதி அரசூர் பக்கம் சென்னை-திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் புரண்டு, போக்குவரத்து நின்றுபோனது. நாலு வழிச் சாலைக்கே அந்தக் கதி! நெடுஞ்சாலை நின்றால் பேப்பரில் படம் போடுவார்கள். நம்ம ஊர்த் தரைப்பாலம் மூழ்கினால் யார் போடுகிறார்கள்?

வெள்ளத்தில் ரோடு ஏன் அறுத்துக்கொண்டு போகிறது என்பதை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏரிக்கரை மேலே தண்ணீர் வழிந்தால் எங்கே அறுக்கும்? வெளிச் சரிவில்தானே! ரோடும் அப்படித்தான். நிலம் சாய்கிற திசைக்குக் குறுக்கே போட்ட ரோடு ஒரு கரை மாதிரி. தண்ணீர் கடந்துபோகத்தான் சிறுபாலமும் குழாய் மதகும் வைக்கிறார்கள். அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேறி வழியும். மறுபக்கச் சரிவில் மண்ணைக் கரைத்துக்கொண்டே உள்ளே குடையும். மேலே தார் முழுசாகத் தெரியும், அடியில் மண் இருக்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்ததே, அப்போது ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். அங்கே தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் வாரிக்கொண்டு போய்விட்டது. ரோட்டுக்கும் நடப்பது அதேதான்.

மதகை அடைப்பது என்ன? ஆகாயத்தாமரை, கருவேல முள், கண்ட கண்ட பிளாஸ்டிக். அதோடு நாமும் கொஞ்சம் அடைக்கிறோம். டிராக்டர் வயலில் இறங்க வேண்டும் என்று ரோட்டோர வாய்க்காலில் நாலு தட்டு மண்ணைக் கொட்டி மூடிவிடுகிறோம். வழி வேண்டியதுதான், ஆனால் அடியில் குழாய் போட்டு மூட வேண்டும். அதுவும் அரை அடிக் குழாய் போட்டால், போட்டும் ஒன்றுதான், போடாமலும் ஒன்றுதான். இரண்டு அடி விட்டத்துக்குக் குறையாமல் போடுங்கள். புரட்டாசியிலேயே ஊர் கூடி மதகு வாயைச் சுத்தம் செய்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொரு சங்கதி. ரோட்டுக்கு மேல்பக்கத்து வயல் முழுகிக் கிடக்கும். ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டை வெட்டிவிடுவார்கள். முழுகின பயிரைப் பார்த்தவனின் வயிற்றெரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால் வெட்டின தண்ணீர் கீழ்ப்பக்கத்துக்காரன் பயிர் மேல்தான் போகும். ஒரு முழம் வெட்டினது விடிவதற்குள் பத்து முழமாகிவிடும். அப்புறம் ஆம்புலன்ஸும் வராது. எந்த இடத்தில் வருஷா வருஷம் தண்ணீர் தேங்குகிறதோ, அதைக் கோடையிலேயே காட்டி, கிராம சபையில் மதகு கேட்டுத் தீர்மானம் போடுவதுதான் வழி. தாமதமாகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் விடாமல் கேளுங்கள்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது, "முழங்கால் அளவுதானே" என்று இறங்காதீர்கள். வேகமாக ஓடுகிற தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. இருந்தால் சின்னக் காரை மிதக்கவிடும். 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் தள்ளிக்கொண்டு போகும். டிராக்டர் கனமான வண்டி, அசையாது என்று ஒரு தைரியம் நமக்கு உண்டு. பின்சக்கரம் இரண்டும் காற்றடைத்த பெரிய பைகள் என்பதை மறந்துவிடுகிறோம். மூழ்க மூழ்க அவை வண்டியைத் தூக்கத்தான் பார்க்கும். செங்கல் நிறத் தண்ணீரில் பாலத்தின் ஓரமும் தெரியாது, நடுவில் விழுந்த குழியும் தெரியாது. ராத்திரியில் கேட்கவே வேண்டாம்.

பால்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம வெக்கையில் கறந்த பால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நிற்காது. வண்டி வராது என்று தெரிந்தால் காத்திருக்காமல் காய்ச்சி உறை ஊற்றி, வெண்ணெய் எடுத்து நெய்யாக்கிவிடுங்கள். அக்கரையில் வைக்கோல் போர் இருந்தால், அணை திறக்கப் போகிறார்கள் என்று கேட்ட உடனேயே ஒரு வாரத் தீவனத்தையாவது வீட்டுப் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள். கத்தரி, வெண்டை பறிக்கும் பதத்தில் இருந்தால் முந்தின நாளே பறித்து அனுப்பலாம். வீட்டில் மாசமான பெண் இருந்து, நாள் நெருங்கிவிட்டால், அவளை டவுனில் உறவுக்காரர் வீட்டில் முன்கூட்டியே விட்டுவிடுவது நல்லது. பாதை துண்டித்துப்போனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு 1077 என்ற எண்ணில் போன் செய்யலாம்.

தண்ணீர் வடிந்த பிறகும் அவசரம் கூடாது. முக்கியமாகக் கரும்புக்காரர்கள். கட்டிங் ஆர்டர் கையில் இருக்கிறதே என்று வெட்டிப் போட்டுவிட்டு லாரிக்குக் காத்திருந்தால், நாளுக்கு நாள் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஊறிக் கிடக்கிற ரோட்டில் பாரம் ஏற்றின லாரி ஒன்று போனால் போதும், வெள்ளம் விட்டுவைத்ததை அது முடித்துவிடும். ஓரங்கள் காய்ந்து, சாலை ஆய்வாளர் வந்து பார்த்துச் சொன்ன பிறகு வெட்டுங்கள். ஆலையிலும் சொல்லித் தேதியைத் தள்ளிக் கேட்டு வாங்குங்கள்.