பட்டைக்கு அடியில் ஒரு காவலன்

கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களிலே, காற்றிற் சாய்ந்த மாமரத்தை விறகாக்கும்பொழுது, ஈரப்பட்டை உரியும் இடத்திற் கறுத்துப் பளபளக்கும் சிறு வண்டுகள் ஓடி ஒளிவதைக் காணலாம். மரத்தை அரிப்பவை இவையே என்றெண்ணி நசுக்கிவிடுவோர் உண்டு. திருடனைப் பிடிக்க வந்த காவலனையே அவர்கள் கொன்றுவிடுகின்றனர்.

ஹிஸ்டெரிடே எனப்படும் இவ்வண்டுக் குடும்பத்தில் 4,000க்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுட் பல இரைகௌவிகள். ஈப்புழுக்களையும் பிற வண்டுகளின் புழுக்களையும் தின்று வாழ்பவை. உறைவிடத்துக்கேற்ப உடலும் அமைந்திருப்பது வியப்புக்குரியது. பட்டைக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட நெருக்கத்தில் வாழும் ஹொலொலெப்டா, தாளைப்போலத் தட்டையானது. குடைவண்டின் துளைக்குட் புகுந்து வேட்டையாடும் இனங்களோ உருளை வடிவின.

இவற்றை இனங்காணுதல் அரிதன்று. மேற்சிறகுகள் குட்டையாதலின் வாற்பகுதி வெளியே தெரியும். கூன்வண்டுக்குரிய நீண்ட மூக்கு இராது. தொட்டால் கால்களை உள்ளிழுத்துச் செத்ததுபோற் கிடக்கும்.

இக்குடும்பத்து வண்டொன்று கப்பலேறிய கதையும் உண்டு. பிஜித் தீவில் வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்கு எதிரி தேடி, 1913இல் ஜெப்சன் என்னும் பூச்சியியலறிஞர் ஜாவாவுக்குச் சென்றார். பிளேசியஸ் ஜாவானஸ் என்ற வண்டை அவர் கொணர்ந்தார். அது பிஜியில் நிலைபெற்றது. அவரே பின்னர் இலங்கை விவசாயத் திணைக்களத்திலும் பணியாற்றினார். ஆயினும் அவ்வண்டை வரவழைத்த வேறு நாடுகள் பலவற்றில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. அயலூர்க் காவலனை அழைப்பதிலும் உள்ளூர்க் காவலனைப் பேணுவது எளிது.

தென்னையின் நிலை வேறு. 1978 நவம்பரிற் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி எண்ணற்ற தென்னைகளை வீழ்த்தியது. இவ்வாறு வீழ்ந்து உக்கும் குற்றிகளிலேதான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகின்றது. விரற்பருமனாக வளரும் அதன் புழுவுக்கு நம் சிறிய காவலன் ஈடாகான். உயிர்மரத்தின் தண்டினுள் ஒளிந்திருக்கும் சிவப்புக் கூன்வண்டின் புழுவும் அவனுக்கு எட்டாது.

ஆதலின் மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ தென்னந்தோட்டம் உடையோர், விழுந்த தென்னங்குற்றியை "கிடக்கட்டும், உக்கிப் பசளையாகும்" என்று விட்டுவைத்தல் ஆகாது. பிளந்து எரித்தல் வேண்டும். இயலாவிடின் ஆழப் புதைத்தல் வேண்டும். எருக்குழியை அடிக்கடி கிளறி, அகப்படும் வெண்புழுக்களைக் கோழிகளுக்கு இடலாம். மாம்பட்டையின் அடியிலிருந்து ஓடும் தட்டையான கறுப்பு வண்டை மட்டும் அதன் வழியே விட்டுவிடுக.