மெல்லக் கசியும் ரத்தம்

கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளில் மழை பெய்தால் கால் வழுக்கும். எழுபது வயதைத் தாண்டியவர் விழுந்து தலையில் அடிபட்டாலும், அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். முதுமையில் மூளை சற்றுச் சுருங்கியிருக்கும். அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரங்கள் கழித்துத் தடுமாற்றமாகவோ மறதியாகவோ தலைகாட்டும். வீட்டார் 'வயசாயிருச்சு' என்பார்கள். மண்டையில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடித்தால் பலர் தேறிவிடுகிறார்கள்.

ஆனால் துளையோடு வேலை முடிவதில்லை. 2009-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், வடிகுழாய் வைத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கே ரத்தம் மீண்டும் தேங்கியது. வைக்காதவர்களில் 24 விழுக்காடு. 2020-இல் வந்த பிரிட்டன் ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது: டெக்ஸாமெத்தசோன் மருந்து மறு அறுவையைக் குறைத்தது, ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள், அதைப் பெறாதவர்களைவிடப் பெற்றவர்களில் குறைவு. ஆக, ஸ்கேன் படம் தேறுவது வேறு, ஆள் தேறுவது வேறு. முதியோர் மருத்துவர், மயக்க மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர் எல்லோரும் சேர்ந்து எழுதும் வழிகாட்டி தேவைப்படுவது இதனால்தான்.

இதெல்லாம் பெருநகரத்துக்குத்தானே என்று கேட்கலாம். கேமரன் மலையின் தானா ராத்தாவில் இருப்பது மாவட்ட மருத்துவமனை. மூளை அறுவைக்கு ஈப்போ வரை வளைந்து வளைந்து இறங்க வேண்டும். தூரம் இருப்பதால்தான் எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன்: ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையை யார் நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது, திரும்பி வந்தவரை லயத்துப் படிகளில் யார் நடக்கப் பழக்குவது என்று.