படர்தாமரையும் மருந்துச் சோதனையும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அத்துணை ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்த அனலிலும் ஈரத்திலும் வியர்வை உலராத உடம்போடு நம் முன்னோர் உழைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் விடியற்காலையில் மாரிக்குப்பத்து ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைப்புக்குச் செல்கின்றனர். தொழில் மாறியது, வியர்வையும் நெரிசலும் மாறவில்லை. வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் செழிக்கும் படர்தாமரை என்னும் சரும நோயைப் பற்றியும், அதற்குரிய மருந்தை அறிஞர் எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றனர் என்பதைப் பற்றியும் இப்போது கூற விரும்புகிறோம்.

படர்தாமரை ஒருவகைப் பூஞ்சையால் உண்டாவது. தோலின் மேற்படையில் உள்ள கெரட்டின் என்னும் பொருளை உண்டு அது வாழ்கிறது. தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் வட்டமாகத் தோன்றி, ஓரம் சிவந்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் விரியும். உயிருக்கு அபாயம் இல்லை என்பதனால் இதனை அற்பமாக எண்ணுகிறோம். ஆயினும், இரவில் உறக்கத்தையும் பகலில் நாலு பேர் நடுவே நிமிர்ந்து நிற்கும் துணிவையும் கெடுக்கும் நோய் அற்பமானதாகுமா?

இந்நோயின் மருந்து வரலாற்றில் சுரங்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கால்களில் காணும் பூஞ்சை நோயை ஜென்டில்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர் பிரிட்டனில் ஆராய்ந்து 1957இல் வெளியிட்டனர். மறு ஆண்டே ஜென்டில்ஸ், கிரிசியோஃபல்வின் என்னும் மருந்தை உணவோடு கொடுத்தால் கினிப் பன்றிகளின் பூஞ்சை நோய் நீங்குவதைக் கண்டறிந்தார். மேலே பூசும் களிம்பையே நம்பியிருந்த காலம் போய், உள்ளே உண்ணும் மருந்து வந்தது. பின்னர் டெர்பினாஃபைன், இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல் என்பனவும் வந்து சேர்ந்தன.

மருந்துகள் பல இருந்தால் எது சிறந்தது என்னும் வினா எழுவது இயல்பு. ஒருவருக்குக் குணமான மருந்து மற்றவருக்கும் குணம் தரும் என்பது உறுதியன்று. தானாகத் தணிந்த நோயும் மருந்தால் தணிந்ததாகத் தோன்றலாம். ஆதலின் ஆராய்ச்சியாளர், நோயாளரைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் பிரித்து, ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்து ஒப்பிடுகின்றனர். இம்முறை நமக்குப் புதியதன்று. காசநோயாளரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாமா என்பதைச் சென்னையில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இவ்வாறே சோதித்து, இயலும் என்று 1959இல் உலகுக்கு அறிவித்தது.

படர்தாமரைக்கும் அத்தகைய சோதனை வாரணாசியில் காசி இந்து சர்வகலாசாலையின் மருத்துவ நிலையத்தில் நடைபெற்று, 2020இல் முடிவு வெளியாயிற்று. நாட்பட்டும் திரும்பத் திரும்பவும் வரும் படர்தாமரையால் வருந்திய 200 பேர், ஐம்பது ஐம்பதாக நான்கு பிரிவாக்கப்பட்டனர். நான்கு வாரம் கழிந்தபோது எந்தப் பிரிவிலும் நான்கு பேருக்கு மேல் குணமடையவில்லை. எட்டாவது வார முடிவில் இட்ராகோனசோல் உண்டோரில் 33 பேரும், ஃப்ளூகோனசோல் உண்டோரில் 21 பேரும், டெர்பினாஃபைன் உண்டோரில் 14 பேரும், கிரிசியோஃபல்வின் உண்டோரில் 7 பேரும் குணமடைந்திருந்தனர்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். ஒரு காலத்தில் பெரும்பயன் தந்த மருந்தும் காலம் மாறினால் வலுவிழக்கக்கூடும். டெர்பினாஃபைன் தாக்கும் நொதியில் மாற்றம் பெற்று, அம்மருந்துக்கு அடங்காத பூஞ்சை இந்நாட்டில் பரவியுள்ளது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2020இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே என்று பெயரிட்டனர். நம் நாட்டின் பெயரை ஒரு படை நோய் தாங்கி நிற்பது நமக்குப் பெருமையன்று. மற்றொரு செய்தி பொறுமை பற்றியது. ஒரே மருந்து நான்காம் வாரத்தில் பயனற்றதாகவும் எட்டாம் வாரத்தில் பயனுள்ளதாகவும் தோன்றியது. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவோர் பாதி வழியில் திரும்புவோர் ஆவர்.

அரிப்பை உடனே நிறுத்துவதாலேயே மயக்கும் பொருள் ஒன்று உண்டு. அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. கடையில் கேட்டு வாங்கிப் பூசியவுடன் சிவப்பு மறைகிறது. ஆயினும் தோலின் எதிர்ப்பு அடங்குவதால் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. இவ்வாறு உருமாறி மறைந்திருக்கும் நோயைப் பிரிட்டிஷ் மருத்துவர் இருவர் 1968இலேயே விளக்கி எச்சரித்தனர். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து, தொடையிலும் அக்குளிலும் அழியாத வரிகள் விழும். மருத்துவரின் சீட்டின்றி இத்தகைய களிம்புகளை விற்கலாகாது என்று இந்திய அரசு 2018இல் விதி செய்தது. விதி இருந்தால் மட்டும் போதாது. வாங்குவோரும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை எளியவையே. நனைந்த ஆடையை உடனே மாற்றுக. உடலை நன்கு துடைத்து உலர்த்துக. துண்டையும் உள்ளாடையையும் பிறரோடு பகிராதீர். ஒரே வீட்டில் பலருக்கு நோய் இருப்பின் யாவரும் ஒருங்கே சிகிச்சை பெறுக. ஒருவர் குணமடைந்து மற்றொருவர் விட்டுவைத்தால் நோய் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வாரணாசிச் சோதனையில் முந்திய மருந்தைத் தாமே வாங்கி உண்பதும் தவறு. அது இதயம் பலவீனமானோருக்கு ஆகாது. வேறு பல மருந்துகளோடு சேர்ந்தாலும் தீங்கு செய்யும். மருத்துவரிடம் செல்லும்போது இதுவரை பூசிய களிம்பின் குழாயையும் உடன் கொண்டு செல்க. அதைக் கண்டால் மறைந்திருக்கும் நோயை அவர் அறிந்துகொள்வது எளிதாகும்.

இருநூறு நோயாளர் எட்டு வாரம் காத்திருந்து பெற்றுத் தந்த அறிவு இது. கடைக்காரரின் ஒரு வார்த்தைக்காக அதனை நாம் கைவிடலாகாது.