பிறர் நெஞ்சறிதல்



துயருற்றோரைப் பார்க்கச் செல்லும் நாம் முதலில் வாயடக்கம் பழகவேண்டும். 2009இல் போர் முடிந்தபின்னும், காணாமற்போன பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார் நம் வடமராட்சியில் உளர். அவர்களுள் ஒருவரிடம், "அம்மா, கீரிமலைக்குப் போய் அந்தியேட்டியைச் செய்யுங்கோ, மனம் ஆறும்" என்றோம். ஆறுதலென்றே எண்ணினோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் வருவானென்றிருப்பவருக்கு, நம் சொல்லே அவனைக் கொன்றுவிட்டது. எத்தகைய பேதைமை!

போர் விட்ட மனவடுக்களை யாழ்ப்பாணத்திலிருந்தே ஆராய்ந்தவர் மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் அவர்கள். நம்மவர் "மனத்துன்பம்" என்று வாய்திறந்து சொல்வது அரிது. "நெஞ்செரியுது", "தலையிடி" என்பார்கள், பெருமூச்செறிவார்கள். வைத்தியரேயாயினும் உளவளத்துணையாளரேயாயினும் குளிசையோடு நின்றுவிட்டால், உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கும். அந்தத் தாயும் நெஞ்சுநோ என்றுதான் சொல்லியிருந்தார். நாம்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுமுறை சென்றபோது புத்திமதி ஒன்றும் கொண்டுபோகவில்லை. "தம்பிக்கு என்ன சாப்பாடு விருப்பம், அம்மா?" என்று மட்டும் கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "ஒடியற்கூழ்" என்று தொடங்கியவர், விளக்கு வைக்கும் நேரம்வரை சொல்லிக்கொண்டேயிருந்தார்.