ஆயிரம் ஆட்டம் கண்ட தடுப்பாட்டக்காரர்



கால்பந்தில் கோல் அடித்தவரின் பெயர் ஊர் முழுக்கத் தெரியும். கோல் விழாமல் காத்தவரின் பெயர், அவர் தவறு செய்த அன்றுதான் வெளியே வரும். அப்படிப்பட்ட வேலையை இருபது ஆண்டுகளுக்கும் மேல் செய்த ஒருவரைப் பற்றி இன்று பேசுகிறேன். அவர் கிரஹாம் அலெக்சாண்டர்.

1971இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்தவர். ஸ்கன்தோர்ப்பில் நடுக்கள வீரராகத் தொடங்கினார். பிறகு லூட்டன், பிரெஸ்டன், பர்ன்லி. உலகம் அறிந்த பெரிய கிளப் எதிலும் அவர் ஆடியதில்லை. ஆனால் நான்காம் நிலை லீக் முதல் பிரீமியர் லீக் வரை நான்கு படிகளிலும் ஆடியிருக்கிறார். நெடுங்காலம் அவருடைய இடம் வலப்புறப் பின்களம்.

அந்த இடத்தின் நுட்பத்தைக் கொஞ்சம் பார்ப்போம். எதிரணியின் விங்கர் பந்தோடு பாய்ந்து வருகிறார். அனுபவம் இல்லாதவர் உடனே காலை நீட்டுவார். விங்கர் தாண்டிப் போய்விடுவார். தேர்ந்தவர் காலை நீட்டமாட்டார். உடலைச் சற்றே சாய்த்து நின்று, உள்ளே வரும் வழியை மறைத்து, எதிராளியை எல்லைக்கோட்டின் பக்கம் ஒதுக்குவார். அங்கே கோல் கம்பம் தொலைவு. பந்தை உதைக்கக் கிடைக்கும் கோணமும் குறுகல். இதற்கு வேகத்தைவிடப் பொறுமை வேண்டும். வயது ஏற ஏற வேகம் குறையும், பொறுமை கூடும். அலெக்சாண்டர் நீண்ட நாள் நிலைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஸ்காட்லாந்து தேசிய அணி அவரை முதன்முதலாக ஆடவிட்டது 2002இல், அவருடைய 30ஆம் வயதில். அந்த அணிக்காக மொத்தம் 40 ஆட்டங்கள் ஆடினார். பர்ன்லியில் அவரைத் தடுப்பு வரிசைக்கு முன்னால், நடுக்களத்தில் நிறுத்தினார்கள். பழகிய காவல் புத்தி அங்கும் கைகொடுத்தது. 2009இல் அந்த அணி பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. அந்த ஆகஸ்டில், 37 வயதில், உச்ச லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். பலர் ஓய்வு பெற்றுவிடும் வயது அது.

பெனால்டி அடிப்பதிலும் அவர் கெட்டிக்காரர். தடுப்பாட்டக்காரராக இருந்தும் நூறு கோல்களுக்கு மேல் அடித்ததற்கு அதுவே பெருங்காரணம். 2011இல் அவர் தம் ஆயிரமாவது ஆட்டத்தை எட்டினார். இங்கிலாந்தில் கோல்கீப்பர் அல்லாதவர்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்டவர்கள் மிகச் சிலரே.

ஆயிரம் என்பது வெறும் எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு வாரமும் மேலாளர் ஒருவர் பதினோரு பெயர்களை எழுதுகிறார். மேலாளர்கள் மாறுகிறார்கள், இளைஞர்கள் போட்டிக்கு வருகிறார்கள். அப்போதும் இந்தப் பெயரை அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. கோப்பைகளை வைத்து வீரரை அளப்பது நம் வழக்கம். சக ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் வைக்கும் நம்பிக்கையும் ஓர் அளவுகோல்தான். தடுப்பாட்டக் கலைக்கு அதுவே சரியான அளவுகோல்.

அடுத்த முறை ஓர் ஆட்டம் பார்க்கும்போது பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு வலப்புறப் பின்கள வீரரை மட்டும் கவனியுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எப்போது முன்னேறுகிறார், எப்போது காத்திருக்கிறார் என்று பாருங்கள். நடக்காமல் போன கோல்களும் உங்கள் கண்ணில் படத் தொடங்கும்.